முதல் கேமிங் கம்ப்யூட்டர்: மானிட்டரில் ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள்

முதன்முதலாகக் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிராசசர் வாங்கலாம்?" நானும் அதில்தான் ஆரம்பித்தேன். இருந்த பணத்தில் பாதிக்கு மேல் பிராசசருக்கும் அதற்குத் தோதான பெரிய மதர்போர்டுக்கும் போய்விட்டது. மிச்சத்தில் ஒரு சுமாரான கிராபிக்ஸ் கார்டு, ஒற்றை ரேம் ஸ்டிக், கேபினட்டோடு சேர்ந்தே வந்த ஒரு எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. கேம் ஓடியது. ஓடியது என்பதைவிட நொண்டியது என்று சொன்னால் சரியாக இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் கார்டு 100 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது, நான் ஆசை ஆசையாக வாங்கிய பிராசசரோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆகவே பிராசசரில் ஆரம்பிக்காதீர்கள். மானிட்டரில் ஆரம்பியுங்கள், அதாவது எந்தத் திரையில், எந்த கேமை, எவ்வளவு ஸ்மூத்தாக ஓட்டப் போகிறோம் என்பதில். அது முடிவானால் கார்டு முடிவாகும், கார்டு முடிவானால் பிராசசர், அப்புறம் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும். ஏன் இந்த வரிசை என்று புரிய ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: ஃபிரேம்.

கேம் என்பது வீடியோ மாதிரி முன்கூட்டியே எடுத்து வைத்த படம் இல்லை. நீங்கள் மவுஸை அசைக்க அசைக்க ஒவ்வொரு படமும் அந்தக் கணத்தில் புதிதாக வரையப்படுகிறது. அந்த ஒற்றைப் படம்தான் ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒன்றை வரையக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெகண்ட். 144 வேண்டுமென்றால் வெறும் 6.9 மில்லிசெகண்ட். இதற்குள் இரண்டு பேர் வேலையை முடிக்க வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான், நீங்கள் எந்த பட்டனை அழுத்தினீர்கள், சுட்ட குண்டு எங்கே பட்டது, சுவர் எப்படி இடிந்து விழ வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, இதையெல்லாம் வரை என்று பட்டியல் கொடுப்பவர் பிராசசர். அந்தப் பட்டியலை வாங்கி நிறம், வெளிச்சம், நிழல் எல்லாம் சேர்த்து, திரையின் ஒவ்வொரு புள்ளியையும் நிரப்புபவர் கிராபிக்ஸ் கார்டு.

கார்டு இந்த ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்த ஃபிரேமுக்கான பட்டியலைத் தயார் செய்துகொண்டிருக்கும். அதனால் மொத்த வேகத்தை முடிவு செய்வது இந்த இருவரில் மெதுவானவர். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு ஃபிரேமுக்கு பிராசசர் 8 மில்லிசெகண்ட் எடுக்கிறது, கார்டு 20 எடுக்கிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது நொடிக்கு 50 ஃபிரேம். இப்போது காசைக் கொட்டி இரண்டு மடங்கு வேகமான பிராசசர் வாங்கி 8-ஐ 4 ஆக்கினாலும் அதே 50தான். அந்தக் காசைக் கார்டில் போட்டு 20-ஐ 10 ஆக்கினால் 100 ஃபிரேம். கார்டை இன்னும் பெரிதாக்கி 5 மில்லிசெகண்டுக்குக் கொண்டு வந்தாலோ, 200 வராது, 125-ல் நின்றுவிடும், ஏனென்றால் இப்போது மெதுவானவர் பிராசசர். இதைத்தான் எல்லோரும் பாட்டில்நெக் என்கிறார்கள். ஏதோ வியாதி மாதிரி இதைப் பற்றிப் பயமுறுத்துவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. எந்தக் கம்ப்யூட்டரிலும் யாராவது ஒருவர் மெதுவாகத்தான் இருப்பார். அந்த ஒருவர் கார்டாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை, ஏனென்றால் கார்டுக்கு வேலை அதிகமானால் செட்டிங்ஸில் நிழலையும் பிரதிபலிப்பையும் குறைத்துச் சமாளிக்கலாம், பிராசசருக்கு அதிகமானால் அப்படிக் குறைக்க அவ்வளவாக ஒன்றும் இருக்காது.

சரி, இதில் மானிட்டர் எங்கே வருகிறது? புள்ளிகளின் எண்ணிக்கையில். 1080பி என்று சொல்லும் திரையில் 1920-க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம், 4கே என்றால் 82.9 லட்சம். 1080பி-யிலிருந்து 4கே போனால் கார்டு நிரப்ப வேண்டிய புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. பிராசசருக்கோ எதிரி எங்கே நிற்கிறான் என்ற கணக்கு எந்தத் திரையிலும் ஒன்றுதான். ஆகவே திரையின் புள்ளிகள் கூடக் கூடச் சுமை முழுக்கக் கார்டின் தலையில் ஏறும், திரையின் ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை அது புதுப்பித்துக்கொள்கிறது என்ற எண், கூடக் கூட பிராசசரும் ஓட வேண்டியிருக்கும். 4கே மானிட்டரை ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டு, சின்ன பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் கேட்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் என் கருத்து இது: 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ் பேனல் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை), 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ. கொஞ்சம் தாராளமாக இருந்தால் 27 அங்குலத்தில் 1440பி. ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு ஒரு ஃபிரேமை முடித்துக் கொடுக்கும் நேரத்துக்குத் தக்கபடி மானிட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி அது. ஃபிரேம் 60-க்கும் 90-க்கும் நடுவே ஏறி இறங்கினாலும் படம் கிழிவதோ திக்குவதோ கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பட்ஜெட் கம்ப்யூட்டருக்கு இது ஆடம்பரம் இல்லை, பெரிய கார்டு வைத்திருப்பவரைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

அடுத்து கேம். இனிமேல் ஆடப்போகும் நூறு கேம்களை யோசிக்காமல், உண்மையிலேயே தினமும் ஆடப்போகிற மூன்றைக் காகிதத்தில் எழுதுங்கள். வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரியானவை என்றால் கார்டுக்கு வேலை குறைவு. நொடிக்கு 200, 300 ஃபிரேம் என்று போகும்போது தடுப்பது பிராசசர்தான். சைபர்பங்க் 2077, ஆலன் வேக் 2 மாதிரிக் கதையோடு போகும் பெரிய கேம்கள் என்றால் கார்டைப் பிழிந்தெடுக்கும். நகரம் கட்டுவது, தொழிற்சாலை கட்டுவது மாதிரி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன விஷயங்களை ஒரே நேரத்தில் கணக்குப் போடும் கேம்கள் மறுபடி பிராசசர் பக்கம். வேலரன்ட் மட்டுமே ஆடுபவருக்கும் சைபர்பங்க் ஆடுபவருக்கும் ஒரே பட்ஜெட்டில் வேறு வேறு கம்ப்யூட்டர்தான் சரி, "பெஸ்ட் பில்ட்" என்று யாரோ ஒருவர் போட்ட பட்டியலை அப்படியே காப்பி அடிப்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

இரண்டு விதமும் கலந்து ஆடுபவர் என்று வைத்துக்கொண்டால், மானிட்டர், கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் லைசென்ஸ் இதையெல்லாம் முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை 100 பங்காகப் பிரியுங்கள். 40 பங்கு கார்டுக்கு. பிராசசருக்கு 17, 18. மதர்போர்டுக்கு 12-க்குள். மீதி 30 பங்கில் ரேம், எஸ்எஸ்டி (கேம்களைச் சேமித்து வைக்கும் டிரைவ்), எஸ்எம்பிஎஸ், கேபினட் நான்கும் அடங்க வேண்டும். ரேம் விலை ஏறியிருக்கும் காலத்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் உதைக்கும், அப்போது அங்கே இங்கே இரண்டு மூன்று பங்கை நகர்த்திக்கொள்ளலாம். இது சட்டம் இல்லை, ஆனால் உங்கள் பட்டியலில் பிராசசரும் போர்டும் சேர்ந்து கார்டைவிட அதிக விலையில் நின்றால், அதாவது நான் நின்ற இடத்தில் நீங்களும் நின்றால், உடனே திரும்பிப் பாருங்கள்.

கார்டுக்கு வருவோம், நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. முதலில் கார்டின் சொந்த மெமரி, விரேம். கேமின் டெக்ஸ்சர்கள், அதாவது சுவரின் செங்கல், முகத்தின் தோல், புல் எல்லாம் அதில்தான் போய் உட்காரும். இடம் போதாவிட்டால் கார்டு அடிக்கடி கம்ப்யூட்டரின் ரேமுக்கு ஓடி எடுத்து வர வேண்டும், அந்த வழி மிக மெதுவானது. சராசரி ஃபிரேம் நன்றாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு இழுப்பு இழுக்கும், சில கேம்களில் முகமெல்லாம் களிமண் பூசியது மாதிரி மங்கிப்போகும். இன்றைக்கு 8 ஜிபி என்பது 1080பி-க்குத் தொடக்கக் கோடு. 12, 16 கிடைக்கிற விலையில் இருந்தால் அதையே எடுங்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060-ம் 5060-ம் 8 ஜிபி, 2021-ல் வந்த பழைய ஆர்டிஎக்ஸ் 3060-ன் முதல் பதிப்பு 12 ஜிபி, இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 8, 16 என்று இரண்டு அளவிலும் உண்டு. மெமரி அதிகம் என்பதற்காக மெதுவான சிப் வேகமாகிவிடாது, அதையும் மறக்க வேண்டாம்.

எது வாங்கலாம் என்று பேர் சொல்லி நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை, விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதற்குப் பதிலாக ஒரு வழி. உங்கள் மூன்று கேம்களுக்கும் உங்கள் மானிட்டரின் 1080பி அல்லது 1440பி அளவில் யாராவது நடுநிலையாகச் சோதித்துப் போட்ட எண்களைத் தேடுங்கள். மூன்றின் சராசரி ஃபிரேமை எடுத்து, கார்டின் விலையை அதால் வகுங்கள். ஒரு ஃபிரேம் உங்களுக்கு என்ன விலைக்கு விழுகிறது என்று தெரிந்துவிடும். பட்ஜெட்டுக்குள் வரும் நான்கைந்து கார்டுகளுக்கு இதைச் செய்தால் ஒன்றிரண்டு தனியாக எட்டிப் பார்க்கும். அதோடு "1% லோ" என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். மிக மோசமான நேரங்களில் கேம் எப்படி இருக்கும் என்று அது சொல்லும். சராசரி 90, லோ 35 என்று இருக்கும் கம்ப்யூட்டரைவிட சராசரி 75, லோ 60 என்று இருப்பது கைக்கு எவ்வளவோ சுகம்.

பெயரில் ஏமாறுவது இங்கேதான் அதிகம் நடக்கிறது. ஒரே பெயர், உள்ளே வேறு ஆள். ஜிடிஎக்ஸ் 1060-ல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு இருந்தன. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்து வாங்கினார்கள், ஆனால் 3 ஜிபி கார்டில் கணக்குப் போடும் கோர்களே குறைவு, 1280-க்குப் பதில் 1152. ஆர்டிஎக்ஸ் 3060-லும் பின்னால் 8 ஜிபி பதிப்பு ஒன்று வந்தது, அதில் மெமரிக்குப் போகும் பாதையை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுக்கிவிட்டார்கள். ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி பதிப்பும் அதே கதை. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேறு ரகம்: போர்டோடு பேச நான்கே நான்கு பிசிஐஇ பாதைகள்தான் அதற்கு உண்டு, பழைய பிசிஐஇ 3 போர்டில் செருகினால் அந்தப் பாதையின் வேகமும் பாதியாகி, 4 ஜிபி மெமரி நிரம்பும்போதெல்லாம் திணறும். பட்ஜெட்காரர்களுக்கென்றே வந்த கார்டு, பட்ஜெட்காரர்களிடம் இருக்கும் பழைய போர்டில்தான் சரியாக ஓடாது. இப்படியும் ஒரு கொடுமை.

மலிவாகக் கிடைக்கிறதே என்று மிகப் பழைய கார்டுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2024-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங், அதாவது வெளிச்சம் போகும் பாதையைக் கணக்குப் போட்டு வரைவதற்கான ஹார்டுவேர் இல்லாத கார்டில் ஓடுவதற்கில்லை. செட்டிங்ஸைக் குறைத்துத் தப்பிக்க முடியாது. அதனால் ஜிடிஎக்ஸ் 10, 16 வரிசைக் கார்டுகள் எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும், புதுப் பெரிய கேம்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் வேண்டாம்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் என்று மூன்று பெயர்கள் கண்ணில் படும். மூன்றும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை: கேமைச் சின்ன அளவில் வரைந்து, திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கிக் கொடுப்பது. மேலே பார்த்த புள்ளிக் கணக்கை நினைத்துக்கொண்டால் இதன் லாபம் புரியும். 1440பி மானிட்டரில் இவை நன்றாகவே இருக்கின்றன, 1080பி-யில் பெரிதாக்க மூலமே குறைவாக இருப்பதால் கொஞ்சம் மங்கல் தெரியும். டிஎல்எஸ்எஸ் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டும். ஃபிரேம் ஜெனரேஷன் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது வேறு விஷயம், இரண்டு உண்மையான ஃபிரேமுக்கு நடுவே ஊகித்து ஒன்றைச் செருகுவது. திரையில் எண் இரட்டிப்பாகும், ஆனால் பட்டனை அழுத்தினால் கேம் பதில் சொல்லும் நேரம் குறையாது, கொஞ்சம் கூடத்தான் செய்யும். முன்பே 60 வந்துகொண்டிருந்தால் அது நல்ல சேர்மானம், 30-ஐ 60 ஆக்கிக் காட்டுவதற்கு அதை நம்பி ஒரு கார்டை வாங்காதீர்கள்.

பிராசசர் இனி எளிது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்), கடந்த சில வருடங்களுக்குள் வந்த தலைமுறை. ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் கோர் ஐ5-12400எஃப், கொஞ்சம் மேலே போனால் ரைசன் 5 7600. பட்ஜெட் கார்டுகளுக்கு இவற்றில் எதுவும் போதும். ஐ5-ஐவிட ஐ7 பெரியது என்று பெயரை மட்டும் பார்க்கக் கூடாது. 2017-ல் வந்த ஐ7-7700 நான்கு கோர்தான், 2022-ன் ஐ5-12400 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கடைசியில் வரும் எழுத்தைக் கவனியுங்கள். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இருந்தால் தவிர திரையில் ஒன்றும் வராது. நமக்கு எப்படியும் கார்டு இருப்பதால் எஃப் வாங்கினால் காசு மிச்சம். ஏஎம்டியில் ஜி என்று முடிந்தால் உள்ளே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருக்கும். கார்டு வாங்க இன்னும் ஆறு மாதம் ஆகும், அதுவரை லேசான கேம்கள் ஆடலாம் என்பவருக்கு அது சரி. ஆனால் 5600ஜி என்பது 5600-ம் கூடவே கிராபிக்ஸும் என்று எண்ணிவிட வேண்டாம். எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி, 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி, பிசிஐஇயும் ஒரு தலைமுறை பின்னால். நல்ல கார்டு போட்ட பிறகு 5600-க்குப் பின்னால்தான் ஓடும்.

மதர்போர்டு ஃபிரேமைக் கூட்டாது. இதை மட்டும் மனதில் வைத்தால் பாதிப் பணம் மிச்சம். பிராசசர் உட்காரும் சாக்கெட் பொருந்த வேண்டும், ரேம் வகை பொருந்த வேண்டும், எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டும் யுஎஸ்பி போர்ட்டும் தேவைக்கு இருக்க வேண்டும், வைஃபை வேண்டுமானால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். யோசிக்க வேண்டியது சாக்கெட்டைப் பற்றி. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016-ல் வந்தது, டிடிஆர்4 ரேம். அதற்குப் பின் 2022-ல் வந்த ஏஎம்5-ல் டிடிஆர்5 மட்டும்தான். ஏஎம்4-ல் இனி மேலே போக அதிக இடமில்லை, ஏஎம்5-ல் இரண்டு மூன்று வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ1700-ல் போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5, இரண்டும் ஒரே போர்டில் அநேகமாக இருக்காது. பிராசசர் விலையை மட்டும் ஒப்பிடாமல் பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் கூட்டி ஒப்பிடுங்கள். ஏஎம்5-க்குப் போவதால் கார்டு ஒரு படி இறங்குகிறது என்றால், நான் பழைய சாக்கெட்டையே எடுப்பேன். இல்லாத வருங்காலத்துக்காக இன்றைய கேமை நொண்ட வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. போர்டு பழையது, பிராசசர் அதற்குப் பின்னால் வந்தது என்றால் பயாஸை, அதாவது ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருளை, புதுப்பிக்காமல் ஆன் ஆகாது. வாங்குமுன் போர்டு தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் பிராசசருக்கு எந்த பயாஸ் வேண்டும் என்று பார்த்துவிடுங்கள்.

ரேமில் அளவைவிட முதலில் பார்க்க வேண்டியது ஜோடி. 16 ஜிபி வேண்டுமென்றால் ஒரு 16 வேண்டாம், இரண்டு 8. பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே இரண்டு பாதைகள் இருக்கின்றன, ஒற்றை ஸ்டிக் போட்டால் ஒன்று சும்மா கிடக்கும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுவதுதான் பெரும்பாலும் வழக்கம், போர்டின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். 16 ஜிபி போதும், 32 வசதி. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது, எனக்கும் ஒரு வருடம் தெரியாது: பெட்டியில் 3200 என்று போட்டிருக்கும் டிடிஆர்4 ரேம், போட்டதும் தானாக 3200-ல் ஓடாது, 2133 அல்லது 2400, 2666 என்று நிதானமாகத்தான் ஓடும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று இருப்பதை ஆன் செய்ய வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைத் தொடாமலே ஒரு வருடம் ஓட்டினேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வாங்கும்போது டிடிஆர்4-ல் 3200 சிஎல்16 (சிஎல் என்பது ரேம் பதில் சொல்லக் காத்திருக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை), டிடிஆர்5-ல் 6000 சிஎல்30 என்பவை நல்ல நடுத்தரம். சிஎல் எண் டிடிஆர்5-ல் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தாலும் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் காத்திருப்பு நேரம் ஒன்றுதான், 10 நேனோசெகண்ட்.

எஸ்எஸ்டி: 1 டிபி என்விஎம்இ, அதாவது பிசிஐஇ பாதையில் ஓடும் வேகமான வகை. விண்டோஸில் அது 931 ஜிபி என்று காட்டும், திருட்டு எதுவும் இல்லை, எண்ணும் முறை வேறு. நொடிக்கு 3500 எம்பி ஓடும் பிசிஐஇ 3 டிரைவுக்கும் 7000 ஓடும் பிசிஐஇ 4 டிரைவுக்கும் கேம் லோடு ஆகும் நேரத்தில் பெரும்பாலும் கண்ணில் படும் வித்தியாசம் இருக்காது. எம்.2 என்பது வடிவம் மட்டும், அதே வடிவத்தில் 550 எம்பி தாண்டாத சாட்டா டிரைவும் விற்கிறார்கள், ஆகவே என்விஎம்இ என்ற வார்த்தையைத் தேடிப் படியுங்கள். பெரிய கேம்கள் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும் காலத்தில் 256 ஜிபி வாங்கி மிச்சம் பிடிப்பது வீண்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். மற்ற எந்தப் பாகம் மட்டமாக இருந்தாலும் கேம் மெதுவாக ஓடும், இது மட்டமாக இருந்தால் போகும்போது தனியாகப் போகாது. எவ்வளவு வாட் என்பதில் பலர் பயந்துபோய் 850 வாங்குகிறார்கள். கூட்டிப் பாருங்கள்: ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், ரைசன் 5 5600-க்கு சுமை நேரத்தில் 76, ஃபேன், டிரைவ், போர்டு எல்லாம் சேர்த்து ஒரு 50. 250-ஐத் தொடவில்லை. கார்டுகள் சில மில்லிசெகண்டுகளுக்குத் திடீரென்று சொன்னதைவிட அதிகம் இழுக்கும் பழக்கம் உள்ளவை, அதற்கும் பின்னால் ஒரு படி பெரிய கார்டு போடுவதற்கும் இடம் விட்டால் நல்ல 550 வாட் போதும். அந்த "நல்ல" என்பதுதான் முக்கியம். 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரை சொல்வது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும், உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்தையோ ஷார்ட் ஆனால் சமயத்தில் அணையுமா என்பதையோ இல்லை. அதற்கு, பிரித்துப் பார்த்துச் சோதித்து எழுதியவற்றைப் படிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வாரன்டி கொடுத்திருந்தால் அது ஓரளவு நல்ல அறிகுறி. கழற்றிச் செருகும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் வேறொன்றின் கேபிளை அதில் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம், எஸ்எஸ்டி கருகிப்போகும். என் முதல் கம்ப்யூட்டரில் கேபினட்டோடு வந்த அந்தப் பெயரில்லாத டப்பாவை இரண்டாம் மாதமே கழற்றிவிட்டேன், எதையும் கொண்டுபோகவில்லை, என் நேரம் நல்ல நேரம்.

கேபினட்டுக்கு முன்பக்கம் வலை இருக்க வேண்டும், காற்று உள்ளே வர வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு மூன்று கலர் ஃபேன் வைத்தவை பார்க்க அழகு, உள்ளே வெக்கை. கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் கேபினட்டின் அளவோடு மில்லிமீட்டரில் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். தனி கூலர் இப்போதைக்கு வேண்டாம், 5600, 12400எஃப் இரண்டோடும் பெட்டியிலேயே வரும் கூலர் சத்தம் போட்டாலும் சமாளிக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்றால், பிராசசரையும் ரேமையும் தைரியமாக வாங்கலாம், கெடுவது அபூர்வம். கார்டையும் வாங்கலாம், கண் முன்னால் அரை மணி நேரமாவது கனமான கேமை ஓட்டிக் காட்டச் சொல்லி, ஃபேன் எல்லாம் சுற்றுகிறதா, திரையில் புள்ளி புள்ளியாகவோ கோடு கோடாகவோ வருகிறதா என்று பார்த்த பிறகு. பழைய சிப் உள்ள கார்டின் பயாஸை மாற்றி புதுக் கார்டு பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் அது பெரும்பாலும் பிடிபடும். எஸ்எம்பிஎஸ்ஸைப் பழையதாக வாங்க வேண்டாம்.

அசெம்பிள் செய்வது பயந்த அளவு கஷ்டமில்லை, ஆனால் எல்லாரும் செய்யும் தப்புகள் சில உண்டு. கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது. போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று இருக்கும் 8 பின் கேபிளைச் செருக மறப்பது. டிடிஆர்5 போர்டுகள் முதல் தடவை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும், அதற்குள் போச்சு என்று ஆஃப் செய்துவிடாதீர்கள். எல்லாவற்றிலும் பெரியது மானிட்டர் கேபிள்: அதைக் கார்டில் இருக்கும் போர்ட்டில்தான் செருக வேண்டும், போர்டில் இருப்பதில் இல்லை. அப்புறம் விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்ஸில் போய் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பல நேரம் அது 60-லேயே நிற்கும்.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும் உங்கள் மூன்று கேம்களில் ஒன்றைத் திறந்து, ஃபிரேம் எண்ணிக்கையும் கார்டின் உபயோகமும் மூலையில் தெரியும்படி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஆடுங்கள். கார்டு 97, 98 சதவீதத்தில் நின்று, ஃபிரேமும் நீங்கள் நினைத்த அளவுக்கு வந்தால் பணம் சரியான இடத்தில் போயிருக்கிறது. 60 சதவீதத்தில் நின்று, ஃபிரேமும் குறைவாக இருந்தால், முதலில் விசிங்கோ (ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) ஃபிரேம் வரம்போ ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லையென்றால் தடுப்பது பிராசசர், அல்லது எக்ஸ்எம்பி ஆன் செய்யாத ரேம். அப்போது பிராசசர் 30 சதவீதம்தான் காட்டுகிறதே என்று குழம்ப வேண்டாம். பன்னிரண்டு திரெட்டில் ஒன்று முழுச் சுமையில் தவித்தாலும் மொத்தக் கணக்கில் அது வெறும் 8 சதவீதமாகத்தான் தெரியும்.